இஸ்ஃபஹானில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரானின் நடுப்பகுதியில், ஜாயந்தே ரூத் ஆற்றின் கரையில், கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது இஸ்ஃபஹான். சஃபவி மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் 1598-இல் தம் தலைநகரைக் கஸ்வீனிலிருந்து இங்கே மாற்றினார். அடுத்த ஒரு நூற்றாண்டுக் காலம் இது ஆசியாவின் பெருநகரங்களுள் ஒன்றாக விளங்கியது. தெஹ்ரானுக்கும் ஷீராஸுக்கும் இடையே விரையும் பயணிகள் பலரும் இந்நகருக்கு ஒரே ஒரு பகலைத்தான் ஒதுக்குகிறார்கள். அப்படி வருபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே தரப்பட்டுள்ளன.

ஒரே நாளில் இஸ்ஃபஹானைப் பார்த்துவிட முடியுமா?

முழுவதையும் பார்க்க முடியாது. ஆனால் எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால், தலையாய இடங்களை அவசரமின்றிப் பார்க்கலாம். இந்நகரின் அமைப்பே அதற்கு உதவியாக இருக்கிறது: வடக்கே பழமையான ஜும்ஆ பள்ளிவாசல், அதிலிருந்து தெற்கு நோக்கி நீளும் கூரையிட்ட பஜார், அதன் முடிவில் நக்‌ஷ்-எ ஜஹான் சதுக்கம், அதற்கும் தெற்கே ஆறும் பாலங்களும் என்று முக்கியமானவை எல்லாம் ஏறக்குறைய ஒரே போக்கில் வந்துவிடுகின்றன. காலையில் வடக்கே தொடங்கி மாலையில் ஆற்றங்கரையில் முடித்தால், 11-ஆம் நூற்றாண்டிலிருந்து 17-ஆம் நூற்றாண்டு வரை காலவரிசையிலேயே நடந்து வந்ததாகவும் ஆகும். பெரும்பாலான சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் நேரே சதுக்கத்தில் இறக்கிவிட்டு, நேரம் மிஞ்சினால் ஜும்ஆ பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்கிறார்கள். நேரம் மிஞ்சுவதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே இந்தப் பக்கத்தின் முதன்மையான பரிந்துரை.

இப்போது பயணம் செய்வது பாதுகாப்பானதா? விசா விதி என்ன?

2025 ஜூனில் இஸ்ரேலுடன் நடந்த போரின்போது இஸ்ஃபஹானை ஒட்டியுள்ள அணுசக்தி நிலையமும் தாக்குதலுக்கு உள்ளானது. அதன் பிறகு விமானச் சேவைகள், விசா விதிகள், பயண எச்சரிக்கைகள் ஆகியவை மாறிக்கொண்டே வருகின்றன. ஆகவே எந்த இணையப் பக்கத்தில் படித்ததையும், இந்தப் பக்கத்தையும் சேர்த்து, இறுதியானதாகக் கொள்ளாமல், உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பையும் ஈரான் தூதரகத்தையும் பார்த்த பின்னரே பயணச்சீட்டு வாங்க வேண்டும். செல்ல வேண்டாம் என்று அரசு அறிவுறுத்தியிருந்தால் பயணத்தை ஒத்திவையுங்கள். கீழே உள்ளவை அமைதியான காலத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

எந்த மாதத்தில், எந்தக் கிழமையில் போவது நல்லது?

ஏப்ரல் இறுதியும் மே மாதமும், பிறகு செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரையுமான காலமும் ஏற்றவை. கோடையில் பகல் வெப்பம் 40 பாகையை நெருங்கும். குளிர்காலத்தில் இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். மார்ச் 20 அல்லது 21-இல் தொடங்கும் நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறையில் நாடு முழுவதிலிருந்தும் குடும்பங்கள் இங்கே திரள்வதால், விடுதியில் அறை கிடைப்பதே அரிது.

கிழமையைப் பொறுத்தவரை வெள்ளிக்கிழமையைத் தவிர்க்க வேண்டும். அன்று வார விடுமுறை; பஜாரில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பள்ளிவாசல்களிலும் ஜும்ஆ தொழுகை முடியும் வரை பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. மற்ற நாட்களிலும் நண்பகல் தொழுகைக்காகச் சிறிது நேரம் மூடப்படுவதுண்டு. ரமலானில் பகல் நேரத்தில் உணவகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

காலையில் ஏன் ஜும்ஆ பள்ளிவாசலில் தொடங்கச் சொல்கிறீர்கள்?

ஈரானியக் கட்டடக்கலையின் வரலாறு முழுவதும் ஒரே வளாகத்துக்குள் அடங்கியிருக்கும் இடம் வேறு இல்லை. 8-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இந்தப் பள்ளிவாசல், ஆட்சிகள் மாற மாறத் தொடர்ந்து கட்டப்பட்டும் திருத்தப்பட்டும் வந்தது. யுனெஸ்கோ இதை 2012-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. முற்றத்தின் நான்கு பக்கங்களிலும் முன்புறம் மட்டும் திறந்த உயரமான வளைவு மண்டபங்கள் நிற்கின்றன. ஈவான் என்று அழைக்கப்படும் இம்மண்டபங்களை நான்காக அமைக்கும் இந்த முறையே பின்னர் பாரசீகப் பள்ளிவாசல்களுக்கு இலக்கணமாக ஆனது.

இங்கே தவறவிடக் கூடாதவை இரண்டு குவிமாடங்கள். தெற்கில் உள்ளதை செல்ஜூக் பேரரசின் புகழ்பெற்ற அமைச்சர் நிஜாமுல் முல்க் 1086-87-இல் எழுப்பினார். அவருடைய அரசியல் போட்டியாளரான தாஜுல் முல்க், ஓரிரு ஆண்டுகளுக்குள், 1088-89-இல், வடக்கில் இன்னொன்றைக் கட்டினார். வடக்குக் குவிமாடம் அளவில் சிறியது. அதில் வண்ண ஓடு ஒன்றுகூட இல்லை. வெறும் செங்கல்தான். ஆனால் அதன் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள்: சதுரச் சுவர் எட்டுப் பக்கமாகி, எட்டு பதினாறாகி, பதினாறு வட்டமாகும் அந்த மாற்றத்தில் ஒரு கோடுகூடப் பிசகியிருக்காது. செங்கற்களின் அடுக்கு முறையே கூரையின் உட்புறத்தில் ஐங்கோண விண்மீன் வடிவத்தை உண்டாக்குகிறது. ஒன்பது நூற்றாண்டுகளாக அது அப்படியே நிற்கிறது. சதுக்கத்தில் இருக்கும் நீல ஓட்டுப் பளபளப்பைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், இதன் அருமை கண்ணில் படாமலே போய்விடும். முதலில் இதைப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

மேற்குப் பக்கத்து அறை ஒன்றில், மங்கோலிய மன்னர் உல்ஜைத்து காலத்தில், 1310-இல் செய்யப்பட்ட சுதை மிஹ்ராப், அதாவது தொழும் திசையைக் காட்டும் மாடம், இருக்கிறது. கொடிகளும் இலைகளும் எழுத்துகளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் அந்த வேலைப்பாட்டைப் பார்க்கச் சில நேரங்களில் காவலரிடம் கேட்டுக் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டியிருக்கும். கேட்கத் தயங்க வேண்டாம்.

அங்கிருந்து சதுக்கத்துக்கு வண்டியில் போகலாமா?

போகலாம்; ஆனால் நடப்பதே சிறந்தது. பள்ளிவாசலுக்கும் சதுக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தூரத்துக்கு நிழலான பஜார் செல்கிறது. சந்தைக் கூரையின் உச்சியில் உள்ள வட்டத் துளைகள் வழியே வெளிச்சம் தூண்போல இறங்கும். மசாலாக் கடை, துணிக் கடை, பாத்திரக் கடை என்று உள்ளூர் மக்கள் வாங்கும் பொருள்களே இப்பகுதியில் மிகுதி. தெற்கே போகப் போகத்தான் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகள் தொடங்கும். இடையிடையே முற்றத்துடன் கூடிய பழைய வணிகச் சத்திரங்களின் வாசல்கள் திறந்திருக்கும். உள்ளே எட்டிப் பார்ப்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. பஜார் முடியும் இடம் கைஸரிய்யே எனப்படும் அரச வாயில். அதைக் கடந்ததும், மங்கிய வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு முன்னே 560 மீட்டர் நீளமும் 160 மீட்டர் அகலமும் கொண்ட வெளி திடீரென்று விரியும். ஷா அப்பாஸின் கட்டடக் கலைஞர்கள் திட்டமிட்ட நுழைவு இதுதான்.

சதுக்கத்தில் எதை முதலில் பார்ப்பது?

வடக்கு வாயிலில் நின்றபடி திசைகளைப் புரிந்துகொள்ளுங்கள். இடக்கைப் பக்கம், அதாவது கிழக்கில், ஷேக் லுத்ஃபுல்லா பள்ளிவாசல். வலக்கைப் பக்கம், மேற்கில், ஆலி காப்பு அரண்மனை. எதிரே தெற்கு எல்லையில் ஷா பள்ளிவாசல். 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இந்தச் சதுக்கத்தில் முன்பு குதிரைப் பந்தாட்டமான போலோ நடந்தது. இரு முனைகளிலும் நடப்பட்ட கல் கம்பங்கள் இன்றும் நிற்கின்றன. நடுவில் உள்ள நீர்த்தடாகமும் புல்வெளியும் 20-ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை.

முதலில் ஷேக் லுத்ஃபுல்லா பள்ளிவாசலுக்குச் செல்லுங்கள். 1603-இல் தொடங்கி 1619-இல் முடிக்கப்பட்ட இதற்கு மினாராவும் இல்லை, முற்றமும் இல்லை. அரச குடும்பத்தின் தனித் தொழுகைக்கானது என்பதால் பாங்கு சொல்ல உயரமான இடம் தேவைப்படவில்லை. லெபனான் பகுதியிலிருந்து வந்த மார்க்க அறிஞரும் ஷாவின் மாமனாருமான ஷேக் லுத்ஃபுல்லாவின் பெயரை இது தாங்கியிருக்கிறது. சதுக்கம் ஒரு திசையிலும், தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசையான கிப்லா வேறு திசையிலும் இருப்பதால், வாசலில் நுழைந்தவுடன் இருண்ட நடைவழி ஒன்று உங்களைத் திருப்பி அழைத்துச் செல்லும். திரும்புகிறோம் என்ற உணர்வே இல்லாமல் குவிமாடத்தின் கீழ் வந்து நிற்பீர்கள்.

அங்கே கால் மணி நேரமாவது செலவிடுங்கள். குவிமாடத்தைத் தாங்கும் வட்டச் சுவரில் பின்னல் வேலைப்பாடு கொண்ட சாளரங்கள் உள்ளன. நேர் வெயில் உள்ளே வராமல், அந்தப் பின்னலில் வடிகட்டப்பட்ட ஒளி மட்டும் ஓடுகளின் மீது பரவும். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் வாசல் பக்கத்திலிருந்து மேலே பார்த்தால், உச்சியில் உள்ள மயில் உருவத்துக்கு ஒளிக்கற்றையே தோகையாக அமைவதைக் காணலாம். ஷாவின் அரசவையில் புகழ்பெற்ற எழுத்துக் கலைஞராக இருந்த அலி ரிஜா அப்பாஸியின் கைவண்ணத்தைச் சுவர்களில் ஓடும் எழுத்துப் பட்டைகளில் பார்க்கலாம்.

ஷா பள்ளிவாசலும் அதே போன்றதுதானா?

இல்லை, நோக்கமே வேறு. இது பொதுமக்களுக்கான பெரும் பள்ளிவாசல். 1611-இல் தொடங்கியபோது ஷாவுக்கு நாற்பது வயது. தம் ஆயுளுக்குள் முடிக்க வேண்டும் என்று விரைவுபடுத்தினார். அந்த அவசரத்தின் தடயத்தை ஓடுகளில் நேரில் காணலாம். நுழைவாயிலில் உள்ள ஓடுகளை அருகே சென்று பாருங்கள்: ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு தண்டும் தனி நிற ஓட்டிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு, துண்டு துண்டாகப் பொருத்தப்பட்டிருக்கும். விரல் நகம் அளவுள்ள துண்டுகளும் உண்டு. மொஅர்ரக் எனப்படும் இந்த முறைக்கு மிகுந்த காலமும் ஆள்களும் தேவை. உள்ளே முற்றத்துக்குப் போனால், சதுர ஓடுகளின் மீது பல வண்ணங்களை ஒன்றாகத் தீட்டி ஒரே முறையில் சுட்டெடுத்த ஹஃப்த் ரங்கி ஓடுகளே பெரும்பாலும் இருக்கும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே நேர்கோட்டு இணைப்புகள் தெரியும். வேலை பல மடங்கு விரைவாக நடந்தது. அப்படியும் பணிகள் முற்றுப்பெறும் தறுவாயில், 1629-இல், ஷா அப்பாஸ் காலமானார்.

இங்கும் நுழைவாயில் சதுக்கத்தை நோக்கி நிற்க, பள்ளிவாசல் ஏறத்தாழ 45 பாகை திரும்பி மக்காவை நோக்குகிறது. தென்புறப் பெருங்குவிமாடத்தின் கீழ், தரையின் நடுவில் உள்ள கருநிறக் கல்லின் மீது நின்று ஒரு முறை கைதட்டினால் எதிரொலி அடுக்கடுக்காகத் திரும்பி வரும். பலரும் தட்டிக்கொண்டே இருப்பதால், தொழ வந்தவர்கள் இருக்கும்போது அதைத் தவிர்ப்பது மரியாதை.

ஆலி காப்புக்கு மேலே ஏறுவது அவசியமா? முழங்கால் வலி இருக்கிறது.

படிகள் குறுகலானவை, உயரமானவை, கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறாமல் இருப்பதே நல்லது. சதுக்கத்தின் அழகு கீழிருந்தும் குறையாது. ஏற முடிந்தவர்கள் பிற்பகலில் ஏறுங்கள். அரண்மனை மேற்கில் இருப்பதால் அப்போது வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும். எதிரே ஷேக் லுத்ஃபுல்லாவின் வெளிர்மஞ்சள் குவிமாடம் முழு ஒளியில் நிற்கும். மரத்தூண்கள் தாங்கும் அந்த மாடத்திலிருந்துதான் ஷாவும் விருந்தினர்களும் போலோ ஆட்டத்தைப் பார்த்தார்கள். உச்சித் தளத்தில் உள்ள இசைக்கூடத்தின் சுவரும் கூரையும் சுதையால் ஆனவை. குடுவை, கிண்ணம், கூஜா வடிவங்களில் அவற்றில் துளைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒலி தேவையின்றி எதிரொலிக்காமல் இருக்க இவை உதவின என்று சொல்லப்படுகிறது.

மதிய உணவுக்கு என்ன கிடைக்கும்? சைவ உணவு உண்டா?

இந்நகரின் தனி உணவு பெரியூன். வேகவைத்த ஆட்டிறைச்சியைக் கொத்தி, நீண்ட கைப்பிடி கொண்ட சிறு வாணலியில் பட்டைத் தூளோடு வதக்கி, ரொட்டியின் மீது வைத்துத் தருவார்கள். பக்கத்தில் வெங்காயமும் ரைஹான் கீரையும், குடிக்க மோர் வகையான தூக் என்பதும் வரும். சோறு இதில் இல்லை.

சைவர்களுக்கு வழி உண்டு, ஆனால் கவனம் வேண்டும். கத்திரிக்காயைப் பதப்படுத்திய மோர்க்கட்டியோடு மசித்துச் செய்யும் கஷ்க்-எ பாதெம்ஜான், ரொட்டி, தயிர், குங்குமப்பூச் சோறு ஆகியவை பொதுவாகக் கிடைக்கும். மஞ்சள் நிறத்தில் பாயசம்போல் தோன்றும் கொரெஷ்த்-எ மாஸ்த் என்னும் இனிப்பில் ஆட்டிறைச்சி சேர்க்கப்படுவது மரபு. பார்த்தவுடன் இனிப்புதானே என்று வாங்கிவிட வேண்டாம். கஜ் என்ற புகழ்பெற்ற பிஸ்தா மிட்டாயில் முட்டையின் வெள்ளைக்கரு உண்டு.

செஹல் சுதூனில் அப்படி என்ன இருக்கிறது?

ஆலி காப்புக்கு மேற்கே, நடந்து போகும் தூரத்தில், தோட்டத்தின் நடுவே உள்ள வரவேற்பு மாளிகை இது. இரண்டாம் ஷா அப்பாஸ் காலத்தில், 1647-இல் முடிக்கப்பட்டது. முகப்பில் இருபது மரத்தூண்கள். செஹல் சுதூன் என்றால் நாற்பது தூண்கள்; எதிரே உள்ள நீண்ட குளத்தில் அவற்றின் நிழலையும் சேர்த்தால் நாற்பது என்பது மரபான கணக்கு. முகப்பு கிழக்கு நோக்கியது; படம் எடுக்கக் காலைதான் சிறந்தது என்றாலும், உள்ளே இருக்கும் சுவரோவியங்களுக்கு நேரம் ஒரு பொருட்டில்லை.

இந்திய வரலாறு படித்தவர்கள் இந்த ஓவியங்களின் முன்னே நெடுநேரம் நின்றுவிடுவார்கள். ஷேர் ஷாவிடம் ஆட்சியை இழந்து ஓடிவந்த ஹுமாயூனை ஷா தஹ்மாஸ்ப் வரவேற்று விருந்தளிக்கும் காட்சி ஒரு சுவரில் இருக்கிறது. பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட மற்றொரு ஓவியத்தில், 1739-இல் கர்னாலில் முகலாயப் படையை நாதிர் ஷா முறியடிக்கிறார். அந்த வெற்றிக்குப் பிறகுதான் டெல்லி சூறையாடப்பட்டு மயிலாசனம் ஈரானுக்குப் போனது. தஞ்சம் தேடி வந்தவரின் வழித்தோன்றல்கள் இரு நூற்றாண்டுகளுக்குள் தோற்கடிக்கப்பட்டதை ஒரே கூடத்தில் பார்ப்பது, பாடநூல் தராத அனுபவம்.

மாலையில் பாலங்களுக்குப் போனால் ஆற்றில் தண்ணீர் இருக்குமா?

இந்தக் கேள்விக்குப் பல மாதங்களில் பதில் 'இருக்காது' என்பதே. ஜாக்ரோஸ் மலையில் தோன்றி, இந்நகரைக் கடந்து, காவ்ஹூனி சதுப்புநிலத்தில் முடியும் ஜாயந்தே ரூத், 2000-க்குப் பிறகு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கிறது. தொடர் வறட்சி ஒரு காரணம். மேல்பகுதியில் பாசனத்துக்கும் எஃகு ஆலைகளுக்கும், யஜ்த் போன்ற பிற நகரங்களுக்கும் நீர் எடுக்கப்படுவது பெரிய காரணம். 2021 நவம்பரில் பல்லாயிரம் பேர் வறண்ட ஆற்றுப்படுகையிலேயே கூடி, உழவர்களுக்கு நீர்ப்பங்கு கேட்டுப் போராடினார்கள். நிலத்தடி நீர் வற்றுவதால் நிலம் தாழ்ந்து, நகரின் பழங்கட்டடங்களில் விரிசல் தோன்றும் அச்சமும் உண்மையானது. இத்தனை அழகையும் வளர்த்த ஆறு இப்படிக் கிடப்பதைப் பார்ப்பது வேதனையானது; ஆனால் அதையும் பார்க்காமல் இஸ்ஃபஹானைப் பார்த்ததாகச் சொல்ல இயலாது. அணையிலிருந்து நீர் திறக்கும் நாட்களை உள்ளூர்ச் செய்திகள் முன்பே அறிவிக்கும். விடுதியில் கேட்டால் சொல்வார்கள்.

தண்ணீர் இல்லாவிட்டாலும் பாலங்களுக்குப் போகத்தான் வேண்டும். தளபதி அல்லாஹ்வெர்தி கான் மேற்பார்வையில் 1602-இல் முடிக்கப்பட்ட சீ-ஓ-சே பாலம், 33 வளைவுகளோடு ஏறத்தாழ 300 மீட்டர் நீளம் கொண்டது. அங்கிருந்து கிழக்கே ஆற்றோரமாக அரை மணி நேரம் நடந்தால் காஜு பாலம் வரும். இரண்டாம் ஷா அப்பாஸ் 1650-ஐ ஒட்டிக் கட்டிய இது, பாலமும் அணையும் மாளிகையும் சேர்ந்தது: மதகுப் பலகைகளை இறக்கினால் மேற்குப் பக்கம் நீர் தேங்கும், கிழக்குப் பக்கத்துப் படிகளில் மக்கள் அமரலாம், நடுவில் உள்ள எண்கோண மண்டபத்தில் மன்னர் தங்கலாம். பொழுது சாய்ந்ததும் கீழ்த்தளத்து வளைவுகளின் அடியில் முதியவர்களும் இளைஞர்களும் கூடிப் பாடுவார்கள். கல் வளைவு குரலைப் பெருக்கித் தருவதால் இசைக்கருவி எதுவும் தேவைப்படுவதில்லை. ஓரமாக நின்று கேட்கலாம். முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டிப் பதிவு செய்யாதீர்கள்.

உடை, பணம், படம் எடுத்தல் பற்றி?

சட்டப்படி பெண்கள் தலையை மறைக்கும் துணியும் கைகால்களை மூடும் தளர்வான உடையும் அணிய வேண்டும். சல்வார் கமீஸும் துப்பட்டாவும் போதுமானவை. ஆண்கள் அரைக்கால் சட்டையைத் தவிர்க்க வேண்டும். பொருளாதாரத் தடைகள் காரணமாக வெளிநாட்டு வங்கி அட்டைகள் இங்கே வேலை செய்யாது. முழுச் செலவுக்கும் டாலராகவோ யூரோவாகவோ ரொக்கம் கொண்டு செல்ல வேண்டும். அதிகாரப்பூர்வ நாணயம் ரியால் என்றாலும் கடைக்காரர்கள் தோமானில் விலை சொல்வது வழக்கம். ஒரு தோமான் 10 ரியால். எதில் சொல்கிறார்கள் என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இராணுவ, காவல்துறை, அரசுக் கட்டடங்களைப் படம் எடுக்கக் கூடாது. டிரோனை நாட்டுக்குள் கொண்டு செல்லவே வேண்டாம்.

ஆடும் மினாராவைப் பார்க்க வேண்டுமா?

ஒன்றை அசைத்தால் மற்றொன்றும் ஆடும் இரட்டைக் கோபுரங்கள் இவை. ஒரு நாள் மட்டும் இருந்தால் வேண்டாம். நகரின் மேற்கே வெகுதூரத்தில் இருக்கிறது. போய்வரும் நேரத்தை ஜும்ஆ பள்ளிவாசலுக்குக் கொடுங்கள்.

இரண்டாவது நாள் கிடைத்தால்?

ஆற்றின் தென்கரையில் உள்ள புதிய ஜுல்ஃபாவுக்குச் செல்லுங்கள். உஸ்மானியருடனான போரின்போது, 1604-05-இல், அராஸ் ஆற்றங்கரை ஜுல்ஃபா நகரத்து ஆர்மீனியர்களை ஷா அப்பாஸ் வலுக்கட்டாயமாக இடம்பெயர்த்தார். வழியில் பலர் மாண்டனர். பிழைத்து வந்தவர்களுக்கு இங்கே நிலமும் பட்டு வணிகத்தில் உரிமையும் கிடைத்தன. அவர்களின் வாங்க் தேவாலயம், 1655-க்கும் 1664-க்கும் இடையே இன்றைய வடிவம் பெற்றது. வெளியே பார்த்தால் பள்ளிவாசலைப் போன்ற செங்கல் குவிமாடம். உள்ளே சுவர் முழுவதும் விவிலியக் காட்சிகளும் பொன் பூச்சும். ஈரானில் அச்சான முதல் நூல், 1638-இல், இந்த ஆர்மீனியர்களின் அச்சகத்தில்தான் வெளிவந்தது.

சென்னைவாசிகளுக்கு இவ்விடம் முற்றிலும் அந்நியமானதன்று. இந்த ஜுல்ஃபாவைச் சேர்ந்த வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான்தான் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே முதல் பாலத்தைத் தம் செலவில் கட்டியவர்; பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் கொடை. அவர் கட்டிய பாலம் இருந்த இடத்தில்தான் இன்று மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. சென்னையின் அரண்மனைக்காரத் தெருவுக்கு ஆர்மீனியன் தெரு என்ற பெயரும், அங்குள்ள ஆர்மீனியத் தேவாலயமும் அந்த வணிகச் சமூகத்தின் எச்சங்கள்.

நினைவுப் பொருளாக என்ன வாங்கலாம்?

கையால் அச்சிடும் கலம்கார் துணியைப் பரிந்துரைப்போம். சதுக்கத்தைச் சுற்றியுள்ள சில கடைகளின் பின்புறத்திலேயே அச்சிடுவார்கள். மர அச்சுக்கட்டையைச் சாயத்தில் தோய்த்துத் துணியில் வைத்து, கைப்பட்டை கட்டிய கையால் ஓங்கி அறைவார்கள். கறுப்பு, சிவப்பு, நீலம், மஞ்சள் என ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை. வாங்கும்போது கோலத்தின் ஓரங்களை உற்றுப் பாருங்கள். கை அச்சில் ஒரு நிறம் இன்னொன்றின் மீது மயிரிழை அளவு விலகியிருக்கும், அடுத்தடுத்த பூக்களில் சாயத்தின் அடர்த்தியும் சற்று மாறும். எல்லாப் பூவும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் அது இயந்திரத்தில் அச்சிட்டது; விலையும் அதற்கேற்பக் குறைவாகவே இருக்க வேண்டும்.